ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்றனர் நம் முன்னோர். பட்டவர்கள் பகர்ந்த மொழி அது. அம்பலம் இருந்தது; அங்கே நடுவர் இருந்தனர்; நீதி என்ற சொல்லும் இருந்தது. ஏழையின் சொல் ஏறிச் செல்வதற்கான படிக்கட்டு மட்டும் இல்லை!

1950-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 14-ஆம் விதியில், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அறிவித்தது. பழமொழி பொய்த்தது என்று மகிழ்ந்தோம். மகிழக் காரணமும் இருந்தது. ஒரே வசைமொழியைக் கூறியதற்கு ஒரு வருணத்தானுக்கு அபராதம், இன்னொரு வருணத்தானுக்கு உடல் தண்டனை என்று விதித்த மனுவின் நூலை நீதிநூல் என்று போற்றிய நாடு இது. குலம் பார்த்துத் தண்டனையை அளந்த அந்தத் தராசை உடைத்தெறிந்தது அரசியல் சட்டம். சிறு செயலன்று அது, செயற்கரிய செயல்.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. குலத்தைப் பார்க்கக் கூடாது என்று கூறப்பட்ட நீதியின் கண், பணத்தையும் பாராதிருக்கிறதா? மாளிகை வாசியிடமும் மண்குடிசை வாசியிடமும் ஒரே தொகையைக் கேட்டுவிட்டு, "இருவரையும் ஒன்றாகத்தானே நடத்தினேன்" என்று சட்டம் கூறுமானால், அது சமத்துவமா? உரிமைக்கு விலை வைத்து, அந்த விலை எல்லோருக்கும் ஒன்றே என்று பெருமை பேசுவது அறமா?

விளங்கச் சொல்வோம். ஒருவன் மீது குற்றம் சாட்டப்படுகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவன் குற்றவாளியல்லன். இது நாகரிக நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட நெறி. ஆகவே, விசாரணை முடியும்வரை அவனை வெளியே விட வழி வைத்திருக்கிறது சட்டம். அதுதான் பிணை, ஜாமீன் என்று ஊரார் கூறுவது. ஆனால் வெளியே வருவதற்குப் பிணையாளர் வேண்டும். பிணையாளருக்குச் சொத்து வேண்டும். சொத்துக்குப் பத்திரம் வேண்டும், வரி கட்டிய சீட்டு வேண்டும். இருப்பவனுக்கு இவை ஒரு பிற்பகல் வேலை. இல்லாதவனுக்கோ, இவை ஒவ்வொன்றும் சிறைச்சுவரின் மேல் அடுக்கப்படும் இன்னொரு கல்!

1978-ஆம் ஆண்டு உச்சநீதி மன்றத்தின் முன் வந்தது மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு. அவரைப் பிணையில் விடலாம் என்று அம்மன்றமே கூறிவிட்டது. தொகையைக் குறிக்கும் பொறுப்பு கீழ் மன்றத்து நடுவருக்கு. நடுவர் குறித்த தொகை பத்தாயிரம் ரூபாய்! அந்நாளில், கரணை பிடித்துக் கூலி வாங்கும் ஒருவர் கனவிலும் காணாத தொகை. அண்ணனோ தம்பியோ, உடன்பிறந்தவர் பிணை நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அதையும் மறுத்தார் நடுவர். கொத்தனார் மீண்டும் உச்சநீதி மன்றத்தின் கதவைத் தட்டினார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த ஆணையைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு அவரே எழுதித் தரும் உறுதிப் பத்திரம் போதும் என்று தீர்ப்பளித்தார். பிணை என்ற சொல்லிலேயே, பிணையாளர் இன்றித் தன் சொந்த உறுதியின் பேரில் விடுவதும் அடங்கும் என்று விளக்கினார். ஓர் இந்தியன் இந்தியாவின் எந்த மாவட்டத்திலும் அயலான் ஆகான் என்ற எண்ணம் அத்தீர்ப்பில் ஓங்கி ஒலித்தது.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சம் மதுரைக்குச் செல்கிறது. கோவலன் யார்? புகார் நகரத்துப் பெருவணிகன் மகன்தான். ஆனால் மதுரைக்குள் நுழைந்தபோது அவன் பொருளிழந்தவன்; ஊருக்குப் புதியவன்; மனைவியின் காற்சிலம்பு ஒன்றே கைம்முதல். பொற்கொல்லன் ஒருவன் பழி சுமத்தினான். "இவன் இன்னான், நல்லவன், நான் பொறுப்பு" என்று கூற அந்த நகரில் சொத்துடையார் ஒருவருமில்லை. இடைச்சேரியில் அடைக்கலம் தந்த மாதரியின் சொல் அரண்மனை வரை செல்லுமா? உசாவல் இல்லை, கேள்வி இல்லை, வாள் பாய்ந்தது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து உண்மையை நிலைநாட்டினாள். மன்னனும் தன் பிழை உணர்ந்து மாய்ந்தான். ஆனால் கோவலன் மீண்டானா? காலங்கடந்து வந்த நீதி, காப்பியத்துக்குப் பயன்பட்டது, கணவனுக்குப் பயன்படவில்லை.

பீகாரின் சிறைகளில் நடந்ததைக் கேளுங்கள். 1979-ஆம் ஆண்டு ஜனவரியில், காவல்துறையில் உயர்பதவி வகித்த ருஸ்தம்ஜி, அச்சிறைகளில் விசாரணையின்றி வாடுவோரைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழில் எழுதினார். அதைப் படித்த வழக்குரைஞர் கபிலா இங்கோரானி உச்சநீதி மன்றம் சென்றார். வெளிப்பட்ட உண்மை நாட்டைத் திடுக்கிட வைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு முழுத் தண்டனை பெற்றிருந்தால் எத்தனை ஆண்டு சிறையிலிருக்க வேண்டுமோ, அதைவிடக் கூடுதலான ஆண்டுகளை விசாரணைக்கு முன்பே கழித்துவிட்டிருந்தனர் சிலர்! குற்றமே சாட்டப்படாமல், 'பாதுகாப்பு' என்ற பெயரால் அடைக்கப்பட்ட பெண்களும் அங்கே இருந்தனர். இவர்களிற் பெரும்பாலோர் செய்த மாபெரும் குற்றம் ஒன்றே: ஏழையாய் இருந்தது. நீதிபதி பி. என். பகவதி அவ்வாண்டு மார்ச்சில் அளித்த தீர்ப்பில், விரைந்த விசாரணையும், வழக்குரைஞரை அமர்த்த வசதியற்றவருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவியும், உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21-ஆம் விதிக்குள்ளேயே அடங்கியவை என்று உரைத்தார்.

பிணைமுறைக்கு அடிப்படையாக உள்ள எண்ணம் என்ன? சொத்துள்ளவன் சொல் தவறான். சொத்தில்லாதவன் ஓடிவிடுவான் என்பதுதானே? செல்வம் ஒழுக்கத்துக்குச் சான்று. வறுமை ஐயத்துக்குச் சான்று! இந்த எண்ணம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்து மடிந்தன. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் அவர்கள். பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதி மன்றம் விடுவித்தபோது கூறிய காரணங்களுள் ஒன்று, இத்தகைய செல்வர்கள் தாமே நேரில் சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பது. ஏழையின் உடல் எரிந்ததற்குச் சாம்பல் சான்றாக இருந்தது. செல்வரின் பண்புக்கோ அவர்தம் செல்வமே சான்றாக அமைந்துவிட்டது!

"பிணையாளர் இன்றி விட்டால் ஓடிப்போவானே, வழக்கு என்னாவது?" என்று கேட்போர் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஓடுவது யாருக்கு எளிது? விமானச்சீட்டு வாங்க வல்லவனுக்கா, பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் கேட்பவனுக்கா? ஏழையின் வேர் அவன் ஊரிலேயே இருக்கிறது. குடிசை அங்கே, குழந்தைகள் அங்கே, கூலி கொடுப்பவர் அங்கே, கடன் கொடுத்தவரும் அங்கே! இது நம் கற்பனையன்று. 1961-ஆம் ஆண்டு நியூயார்க்கில், வீரா அறக்கட்டளை என்ற அமைப்பு, கைதானவரின் வீடு, வேலை, உறவு இவற்றை விசாரித்து, பணப் பிணையின்றி விடத்தக்கவர் இன்னார் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. அவ்வாறு விடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குறித்த நாளில் தவறாமல் வந்து நின்றனர். அந்தப் பட்டறிவே 1966-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி பிணைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றத் துணை நின்றது. மனிதனை ஊருடன் கட்டுவது பணமன்று, பாசமும் பிழைப்புமே என்பது அங்கே மெய்யாயிற்று.

சிறையில் கழியும் ஒரு திங்கள், செல்வனுக்கு அவமானம், நாட்கூலிக்கோ அழிவு. வேலை போகிறது. வாடகை நிற்கிறது. மகன் பள்ளியை விட்டு மூட்டை தூக்கப் போகிறான். அடுத்து வருவது இன்னும் கொடியது. சிறு குற்றம் சாட்டப்பட்டவனிடம், "ஒப்புக்கொண்டால் இன்றே வீடு, மறுத்தால் எப்போது வீடு என்று எவருக்கும் தெரியாது" என்ற நிலையை ஏற்படுத்திவிட்டால், குற்றமற்றவனும் குற்றத்தை ஏற்கத் துணிவான். அப்போது வெளிவருவது உண்மையா, பசியின் வாக்குமூலமா?

"ஏழைக்கு இலவச சட்ட உதவி இருக்கிறதே" என்பர். இருக்கிறது, மறுக்கவில்லை, வரவேற்கிறோம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 39-அ விதி அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமலே வழக்குரைஞர் உதவி பெறும் உரிமை அதில் உண்டு. ஆனால் உரிமை இருப்பது வேறு. அது தனக்கு இருப்பதை உரியவன் அறிவது வேறு.

அருணாசலப் பிரதேசத்தில் ஒருவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு வழக்குரைஞர் இல்லை, அமர்த்த வசதியில்லை. மேல்முறையீட்டில், அவர் சட்ட உதவி கேட்கவில்லையே என்று கூறித் தண்டனையை உறுதி செய்தது உயர்நீதி மன்றம். 1986-ஆம் ஆண்டு உச்சநீதி மன்றம் அத்தண்டனையை நீக்கியது. கேட்கத் தெரியாதவனிடம், கேட்கவில்லை என்று காரணம் காட்டுவது தகாது. உனக்கு இவ்வுரிமை உண்டு என்று எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கேதான் கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. கருணை, கை நீட்டியவனுக்குக் கிடைப்பது. கொடுப்பவன் மனம்போல் கூடும், குறையும். உரிமை, கை நீட்டாதவன் வீட்டுக்கும் நடந்து செல்வது. கொடுத்தவனைக் கும்பிட வேண்டிய தேவை அதில் இல்லை. ஏழைக்கு நாம் வேண்டுவது இரக்கமன்று. இரக்கத்தில் அவன் குனிகிறான், உரிமையில் நிமிர்கிறான்.

மாறுதல் வரவே இல்லை என்று கூறோம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், பிணையில் விடத்தக்க குற்றங்களில், ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாதவரை வறியவர் என்றே கொண்டு, சொந்த உறுதியின் பேரில் விட வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, விடுதலை பெற வழி செய்கிறது. 2023 ஜனவரியில் உச்சநீதி மன்றம், பிணை கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் வெளிவராதவரைப் பற்றிச் சிறை அலுவலர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், உள்ளூர்ப் பிணையாளரே வேண்டும் என்ற நிபந்தனை தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் கூறிற்று. 1978-இல் கொத்தனார் வழக்கில் கூறப்பட்டது, 45 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கூறப்பட வேண்டியதாயிற்று! தீர்ப்பு தில்லியில் பிறக்கிறது. தாலுகா மன்றத்துக்கு வந்துசேர அதற்குக் கால் வலிக்கிறது போலும்.

அதே 2023-இல் நடுவண் அரசு, பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்காக நாற்பதாயிரம் ரூபாய் வரை தரும் திட்டம் வகுத்தது. பயனடைவோருக்கு அது நன்மையே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: வலக்கையால் அரசு கேட்கிறது, கேட்ட தொகையை அரசின் இடக்கையே கொடுக்கிறது, இரு கைகளுக்கும் இடையே மனிதன் ஒருவன் சிறையில் காத்துக் கிடக்கிறான். அவனால் தர முடியாது என்பதை அரசே அறிந்துகொண்ட பின், கேட்பதை நிறுத்துவதன்றோ எளிய வழி?

2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவருக்கும் மேல், தீர்ப்பை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள்! அனைவரும் ஏழைகள் என்றோ, அனைவரும் குற்றமற்றவர் என்றோ நாம் கூறவில்லை. குற்றமுடையவர் யார், அற்றவர் யார் என்று மன்றம் கூறுமுன், பணமுடையவர் யார், அற்றவர் யார் என்று சிறைக்கதவு பிரித்துவிடக் கூடாது என்றே கூறுகிறோம்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. கைதான அன்றே, அவன் அறிந்த மொழியில், வழக்குரைஞர் உரிமையை வாய்விட்டுக் கூற வேண்டும். பிணைத்தொகை குற்றத்தை மட்டும் பாராமல், தருபவன் நிலையையும் பார்க்க வேண்டும். அவன் வீடும் வேலையும் உறவும் பிணையாக ஏற்கப்பட வேண்டும். நம்மிடையே படித்தோர், தம் தெருவில் ஒருவன் கைதானால், "நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்தாமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே இருக்கிறது என்றாவது அவன் வீட்டாருக்கு வழிகாட்ட வேண்டும்.

அம்பலத்துக்குப் படிக்கட்டு அமைப்பது அரசின் கடன். அந்தப் படியில் ஏறத் தயங்குபவனின் கையைப் பிடித்து ஏற்றுவது நம் கடன். பழமொழியைப் பழங்கதையாக்கும் பணி இன்னும் முடியவில்லை, முடிப்போம்!