பொய் சொல்லாத பொய்யர்

ஒரு சமுதாயம் எதனை அஞ்சியது என்பதை அறிய விரும்புவோர் அதன் சட்ட நூல்களைப் புரட்டுவதினும் அகராதியைப் புரட்டுதல் நன்று. எத்தீமை அம்மக்களை மிகுதியும் வருத்தியதோ அதற்கே அவர்கள் பெயர்கள் பல படைத்திருப்பர். பண்டைய அரபு மொழியில் வஞ்சனையைக் குறிக்கும் சொற்களின் பெருக்கம் இவ்வகையில் நம் கருத்தைக் கவர்கின்றது. அம்மொழி நமக்கு முற்றிலும் அயலதன்று. அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் அசல், நகல், பாக்கி, ரத்து, இலாகா ஆகியவை அரபு வேரினின்று கிளைத்து நம்மிடம் வந்தவையே. அம்மொழியின் சொற்கள் சிலவற்றைத் துணைக்கொண்டு யாம் ஈண்டு ஆராய விழைவது ஒரே வினாவை: பொய்யான சொல் ஒன்றேனும் பேசாத ஒருவனை வாய்மையுடையவன் எனக் கொள்ளலாமா?

உள்ளதற்கு மாறாகக் கூறுதலை அரபு மொழி ‘கதிப்’ என்னும். அதன் மறுதலை ‘ஸித்க்’, அஃதாவது வாய்மை. இவ்விரண்டோடு அம்மொழி நின்றிருக்குமாயின் நம் வினாவுக்கு விடை எளிது. ஆனால் அது நிற்கவில்லை. உள்ளொன்றும் புறமொன்றுமாக வாழ்தலை அது ‘நிஃபாக்’ என்றது. அவ்வாறு வாழ்பவன் ‘முனாஃபிக்’. இச்சொல்லுக்கு அகராதி ஆசிரியர்கள் தரும் விளக்கம் சுவையானது. பாலைநிலத்தில் நீண்ட பின்னங்கால்களால் தத்திச் செல்லும் எலியினத்துச் சிற்றுயிர் ஒன்றுண்டு. அரபியர் அதனை ‘யர்பூஉ’ என்பர். அதன் வளைக்கு வெளிப்படையான வாயில் ஒன்று. மெல்லிய மண்ணால் மூடப்பெற்ற மறைவாயில் மற்றொன்று. பகை முன்வாயிலில் நுழையின் அது பின்வாயிலின் மண்ணைத் தலையால் முட்டித் திறந்து தப்பிவிடும். அம்மறைவாயிலின் பெயர் ‘நாஃபிகா’. நிஃபாக் என்னும் சொல்லை இதனோடு இணைத்துக் காட்டுவர் அவ்வாசிரியர். அச்சொல் எத்தியோப்பிய மொழியினின்று வந்தது என்பார் இக்கால அறிஞருட் சிலர். பிறப்பு எதுவாயினும், அரபியர் அச்சொல்லில் கண்ட ஓவியம் இரண்டு வாயில் வைத்த வளையே. அவ்வளையில் வாழ்பவன் பொய் பேசவேண்டும் என்பதில்லை. ஒரு வாயிலை மட்டும் காட்டினாற் போதும்.

விற்கும் பொருளின் குறையை மறைத்தல் ‘தத்லீஸ்’ எனப்பட்டது. இருளைக் குறிக்கும் ‘தலஸ்’ என்பதோடு தொடர்புடைய சொல் இது. வாங்குவோனை இருளில் நிறுத்துதல் என்க. நபிகள் நாயகம் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்க்க, உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் கூறும். மழையில் நனைந்தது என்றான் வணிகன். அது மெய்யே. எனினும், நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவனை நோக்கி எழுந்த கேள்வி. அவன் நாவில் பிழையில்லை. குவியலை அடுக்கிய கையிற்றான் பிழை.

இதே சொல்லைப் பின்னர் ஹதீஸ் ஆராய்ச்சியாளர் தம் துறைக்கும் எடுத்துக்கொண்டனர். ஓர் ஆசிரியரிடம் தாம் நேரிற் கேளாத செய்தியை, ‘கேட்டேன்’ என்னாமல் ‘அவர் வாயிலாக’ என்று மட்டும் உரைப்போர் இருந்தனர். அரபியில் ‘அன்’ என்னும் சிறு இடைச்சொல் ஒன்றே இதற்குப் போதும். நேரிற் கேட்டதாக மாணவர் எண்ணிக்கொள்வர். சொன்னவரோ பொய் சொல்லவில்லை. பஸ்ராவில் வாழ்ந்து 776இல் மறைந்த ஷுஅபா என்னும் அறிஞர் இதனைப் பொய்யோடு ஒருங்கு வைத்தே கடிந்தார். இப்பழக்கமுடையார் ‘கேட்டேன்’ என்று வெளிப்படையாக உரைத்தாலன்றி அவர்தம் அறிவிப்பை ஏற்பதற்கில்லை என்பது அத்துறையின் நெறியாயிற்று.

இனி, முகமன் பேசி உண்மையை விட்டுக்கொடுத்தலுக்கு ‘முதாஹனா’ என்று பெயர். ‘துஹ்ன்’ என்றால் எண்ணெய். எண்ணெய் தடவுதலே இச்சொல்லின் அடிக்கருத்து. தலைநகர்த் தெருக்களில் இந்தி பேசுவோர் இதற்கே வெண்ணெய் தடவுகின்றனர்! ஆயினும் இனிய பேச்சு அனைத்தும் இழுக்கென்று அரபியர் கருதினாரல்லர். பண்பு கருதி மென்மையாகப் பழகுதலை ‘முதாராத்’ என வேறு பிரித்தனர். தன் நலனைச் சிறிது விட்டுக்கொடுத்து இணக்கம் காப்பது பின்னது. அறத்தை விட்டுக்கொடுத்துத் தன் நலன் காப்பது முன்னது.

இதுகாறும் கூறியவற்றால், பிறரைப் பிழைபட எண்ணவைக்கும் மெய்ச்சொல்லும் பொய்யே என முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். அம்முடிவுக்குத் தடையாக ஒரு நூல் நிற்கின்றது. 933இல் பாக்தாதில் மறைந்த இப்னு துரைத் என்னும் அகராதிப் பேரறிஞர் ‘மலாஹின்’ என்றொரு நூல் இயற்றினார். கொடியோரால் வற்புறுத்தப்பட்டு ஆணையிடும் நிலைக்குள்ளானோர்க்கு உதவும் இருபொருட் சொற்களின் தொகுப்பு அது. ‘அவனைக் கண்டிலேன்’ என்று பொருள்படும் அரபுத் தொடர், ‘அவன் நுரையீரலில் தாக்கிலேன்’ என்றும் பொருள்படும். ‘அவனோடு பேசிலேன்’ என்பது ‘அவனைக் காயப்படுத்திலேன்’ என்றும் ஆகும். அடைக்கலம் புகுந்தவனைத் தேடி வாளோடு வருபவனிடம் இவ்வாறு ஆணையிட்டு உயிர் காக்கலாம். இதுவும் இரண்டு வாயில் வைத்த வளைதானே? அதனைப் பழித்துவிட்டு இதனை எவ்வாறு ஏற்பது?

வேறுபாடு சொல்லில் இல்லை. கேட்பவனது உரிமையில் உள்ளது என்பதே எம் கருத்து. வாளோடு நிற்பவனுக்கு அவ்வுண்மையைப் பெறும் உரிமை இல்லை. தானியம் வாங்க வந்தவனுக்கும், பாடம் கேட்க வந்த மாணவனுக்கும் அவ்வுரிமை உண்டு. அவர்கள் நம்பியே வந்தவர்கள். கொடியோனிடமிருந்து மறைந்த குற்றமற்றவனைக் காக்க நேரிற் பொய்யும் கடமையாகலாம் என்று, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியும் எழுதினார். தீங்கு பயவாமையையே வாய்மையின் இலக்கணமாக வகுத்த நம் வள்ளுவரும் இவ்வழியில் நெடுந்தொலைவு உடன் வருவார். எளியோன் வலியோனுக்கு அஞ்சி அமைக்கும் மறைவாயில் புகலிடம். வலியோன் எளியோனிடம் அமைக்கும் மறைவாயில் வஞ்சனை.

இவ்வளவுகோலை நம் நாற்காலிகளின் அருகே கொண்டுவருதல் நலம். கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தி குடும்ப ஓய்வூதியம் கோரி எழுதுகின்றாள் என்று கொள்வோம். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என விடை செல்கின்றது. கோப்போ கட்டவிழ்க்கப்படாமல் அலமாரியில் உறங்குகின்றது. அத்தொடரை எழுதியவரைப் பொய்யர் என்று எந்த விசாரணையும் மெய்ப்பிக்க இயலாது. மூதாட்டியோ அதனை நம்பி, மேலதிகாரிக்கு முறையிடாமல் திங்கள் சிலவற்றைக் கடனில் கழிக்கின்றாள். அத்தொடருக்குப் பழைய அரபியர் தயங்காமல் பெயர் சூட்டியிருப்பர்: தத்லீஸ்.

கோப்பைப் பார்த்தவர் ‘பார்த்தோம்’ என எழுதுக, பாராதவர் ‘இன்னும் பார்க்கவில்லை, இன்ன நாளில் பார்ப்போம்’ என எழுதுக. ‘கேட்டேன்’ என்று சொல்லாதவரின் அறிவிப்பை ஏற்க மறுத்த அவ்வறிஞர்தம் கண்டிப்பில் ஒரு சிறு பங்கேனும் நமக்கு வாய்க்குமாயின், நம்மை நம்பி எழுதுவோர் இருளில் நிற்க நேராது.