இடிப்பவனும் இடிபடுபவனும்

மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு மாற்றல். சாமான்களோடு உங்கள் செல்ல சைக்கிளும் லாரியில் ஏறி வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைப் பார்த்ததுமே சொல்கிறார்: ‘இங்க இதெல்லாம் வேணாம் சார், அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான்!’

அக்கறையான பேச்சுதான். ஆனால், இடிப்பவன் இருக்கிறான் என்பதற்காக இடிபடுபவன் வீட்டோடு கிடக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கேட்டால், ‘ஊர் வழக்கம்’ என்பார்கள்.

வழக்கம் என்ன, மலையா மாறாமல் இருக்க? ஆம்ஸ்டர்டாமையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சைக்கிள்காரர்களின் சொர்க்கம். அங்கேயும் அறுபதுகளில் கார்கள் பெருகி சைக்கிளை ஓரங்கட்டின. 1971-ல் மட்டும் நெதர்லாந்து சாலைகளில் செத்தவர்கள் 3,000-க்கும் மேல். அதில் குழந்தைகளே 400-க்கும் அதிகம். பெற்றவர்கள் தெருவை மறித்தார்கள். இயக்கத்தின் பெயரே ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. அப்புறம்தான் தனிப் பாதைகள் பெருகின.

அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாளைக்கே மவுன்ட் ரோடில் இறங்குங்கள் என்று சொல்லமாட்டேன். உங்களை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். சந்து பொந்து வழியாகப் போவதில் வெட்கமில்லை. எனக்குச் சந்தேகமெல்லாம் வேறு: நாளைக்கு நீங்களே கார் வாங்கி, முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் மெதுவாகப் போனால், கை ஹாரனுக்குப் போகுமா, போகாதா?