யாருகிட்ட வேலை?

எங்கள் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவனைப் பார்த்தால் "யாருகிட்ட ஓட்டறே?" என்றுதான் கேட்பார்கள். பட்டறையில் வாங்கிய முன்பணம் தீராதவரை அந்த 'யாரு' மாறாது. காட்டுவேலைக்குப் போகிறவளிடமும் அதே கேள்விதான். என் அம்மாவிடம் மட்டும் "எங்க வேலை?" என்று கேட்டார்கள். அவர் ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர்.

"மேஸ்திரி வைவான், நாத்தம் கொடலப் புடுங்கும். ஆனா நாளைக்கு வராதேன்னு எவனும் சொல்ல முடியாது கண்ணு" என்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். அவர் ஓய்வு பெற்ற இடத்துக்கு ஆள் போடவில்லை. அதே தெருவை இன்று என் சின்னம்மா மகள் கூட்டுகிறாள், ஒப்பந்தக்காரரிடம். அவளை ஊர் கேட்கிறது: "யாருகிட்ட?"

மாநகராட்சிகளில் இத்தகைய வேலைகளை வெளியாருக்கு விட 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்தது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை 2025 ஜூலையில் தனியாருக்குப் போனது. பல வருஷம் தற்காலிகமாகவே உழைத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அந்த நாட்களில் தொல். திருமாவளவன் ஒரு கேள்வி எழுப்பினார். பணி நிரந்தரம் கேட்பது, குப்பை அள்ளுகிறவர்களே காலமெல்லாம் அள்ளட்டும் என்பதாகிவிடாதா? இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. துடைப்பத்தை நம் கையில் கொடுத்தது சாதி. அதை நிரந்தரமாக்கச் சொல்லி நாமே கோஷம் போடலாமா?

என் வீட்டை வைத்தே யோசிக்கிறேன். அம்மாவின் நிரந்தர வேலை அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கவில்லை, உண்மை. என் கைக்கு அது வராமல் தடுத்தது. ஒப்பந்தம் வந்தபின் தெருக் கூட்ட வேறு சாதிக்காரன் வந்துவிட்டானா? அதே தெரு, அதே சனம். போனது பென்ஷன், லீவு, எதிர்த்துப் பேசும் தைரியம்.

இன்னொன்றும் போனது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியாரை அது தொடாது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொன்னது. பந்தியில் இடம் கிடைத்த நேரத்தில் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்போம். இன்று அள்ளுகிறவருக்கு நிரந்தரம். அவர் பிள்ளைக்கு வேறு வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது.

போன மாதம் சின்னம்மா மகளுக்குக் காய்ச்சல். மேஸ்திரி சொல்லியனுப்பினான்: "உன்னால முடியாட்டி புள்ளைய அனுப்பு." பிள்ளை பத்தாவது படிக்கிறாள். இவள் காய்ச்சலோடு எழுந்து வேலைக்குப் போனாள்.