சரணடைதல் யாரிடம்?

குடியை நிறுத்த விரும்புபவர் முதலில் தம் இயலாமையை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு தம்மினும் பெரிய ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைக்க வேண்டும் என்று கூறும் ஒரு வழிமுறை, கடவுளை நம்பாதவருக்கும் வெவ்வேறு பெயர்களில் நம்புபவர்களுக்கும் ஒரே அறையில் எப்படிப் பயன்பட முடியும் என்பது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற தோழமை 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் உருவானதிலிருந்தே அதைத் தொடர்ந்துவரும் சமயக் கேள்வியாகும். ஏ.ஏ. எனச் சுருக்கமாக அறியப்படும் இத்தோழமையில் மருத்துவரோ குருவோ தலைமை ஏற்பதில்லை; குடிநோயாளிகள், அதாவது குடிக்கத் தொடங்கினால் அளவைத் தம் கட்டுக்குள் வைக்க இயலாதவர்கள், தங்கள் அடையாளத்தை வெளியே காட்டாமல் கூடி, தம் வாழ்க்கையைச் சொல்லி, குடிக்காமலிருக்க ஒருவருக்கொருவர் துணைநிற்கின்றனர்.

பெங்களூரில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் இந்நகரில் கூட்டங்கள் நடக்கின்றன. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளில் போதைச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவர் சொல்லியும், மற்றவர்கள் ஏ.ஏ.வின் உதவித் தொலைபேசி வழியாகவோ முன்பே குடியை விட்ட ஒருவரின் துணையுடனோ தங்கள் பகுதிக் குழுவைக் கண்டடைகின்றனர். (நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.) தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூட்டங்கள் நடப்பதுண்டு என்பதால், முதன்முறை வரும் இந்துவோ முஸ்லிமோ இது மதமாற்றத்துக்கான இடமோ என்று வாசலிலேயே தயங்குவது இயல்பு. ஆனால் அறை வேறு, அமைப்பு வேறு. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது ஏ.ஏ. 1950இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளுள் ஒன்றாதலால், அறைக்கான தொகையும் தேநீர்ச் செலவும் கூட்டத்தில் சுற்றிவரும் பையில் உறுப்பினர்கள் இடும் பணத்திலிருந்தே தரப்படுகின்றன. சேர்வதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும், கட்டணமோ மத அடையாளமோ கேட்கப்படுவதில்லை.

வழிமுறையின் சாரம் 1939இல் வெளியான ஏ.ஏ. நூலில் பன்னிரண்டு படிகளாக வகுக்கப்பட்டது. மூன்றாம் படி தம்மைக் கடவுளிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. எனினும் தொடக்ககால நாத்திக உறுப்பினர்களின் வற்புறுத்தலால், அக்கடவுள் அவரவர் புரிந்துகொண்ட கடவுளே என்ற வரையறையும் அதில் சேர்ந்தது. தமிழ் வாசகருக்கு இது வைணவத்தின் சரணாகதியை, அதாவது தன் முயற்சியால் உய்ய முடியாதென உணர்ந்து இறைவனையே முழுப் புகலாகப் பற்றும் நெறியை நினைவூட்டும். அப்பற்றுதலில் உயிரின் பங்கு எவ்வளவு என்பதில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் வேறுபட்டன: தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிரும் சிறிதளவேனும் முயல வேண்டும் என்றது வடகலை, பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அருளே தூக்கிச் செல்லும் என்றது தென்கலை. குடிநோயாளியின் நிலையில் இரண்டுமே மெய்யாகின்றன. மனவுறுதியால் நிறுத்த முயன்று பலமுறை தோற்றவரிடம் உன் பிடியையே நம்பு என்று சொல்வது கொடுமை. ஆயினும் மாலையில் மதுக்கடையைத் தாண்டி, பேருந்து மாறி, கூட்டத்துக்கு வந்துசேரும் கால்கள் அவருடையவையே.

அருளுக்கும் முயற்சிக்கும் இடையே ஏ.ஏ. இன்னொரு மனிதரை வைக்கிறது. அதன் மெய்யான தத்துவப் பங்களிப்பு அதுவே எனலாம். ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவருள் ஒருவரும் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்தவருமான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பேரொளி சூழ்ந்ததாகத் தாம் விவரித்த அனுபவத்துக்குப் பின் குடியை நிறுத்தியிருந்தார். 1935 மே மாதத்தில் வணிக முயற்சி ஒன்று தோற்று, ஆக்ரன் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றபோது, அங்கிருந்த மதுக்கூடம் அவரை மீண்டும் இழுத்தது. உடனே அவர் தேவாலயத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் தேடியது, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியை. அப்படிக் கிடைத்தவரே அந்த இருவருள் மற்றவரான மருத்துவர் பாப் ஸ்மித். இறையனுபவம் பெற்றதாக நம்பியவருக்கும் அக்கணத்தில் ஒரு மனிதர் தேவைப்பட்டார் என்பது, அருள் மனிதர் வழியாகவே வந்துசேர்கிறது என்று கொள்ள இடந்தருகிறது. ஆகவே, நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் பலர் தம்மினும் பெரிய ஆற்றலாகக் குழுவையே ஏற்பது சமாளிப்பு அன்று. அது அனுபவத்துக்கு நேர்மையான விளக்கம். அடியார் கூட்டத்தையே புகலாகக் கருதிய நம் பக்தி மரபுகளுக்கும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பல சாதியினரும் கூடித் தம் அனுபவத்தைப் பேசிய இடமாகக் கன்னட மரபு போற்றும் அனுபவ மண்டபத்துக்கும் இது அந்நியமானதன்று. சரணர்கள் எனப்பட்ட அக்காலச் சிவனடியார்களுள் கள் விற்றுப் பிழைத்த ஹெண்டத மாரய்யாவும் ஒருவராக நினைக்கப்படுகிறார்.

இப்படிப்பட்ட ஒப்படைப்பைப் பிறர் கட்டாயப்படுத்திப் பெற முடியாது. சிறைக்கைதி ஒருவர் குடும்பச் சந்திப்புச் சலுகையைப் பெற ஏ.ஏ. நெறியிலமைந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது சரியே. இயலாமையை ஒப்புக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழிவிடாதா என்ற ஐயம் இதைவிடக் கடினமானது. அதற்கான விடை எட்டாம், ஒன்பதாம் படிகளில் உள்ளது: தம்மால் துன்புற்றவர்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்கு மேலும் தீங்கு நேராத வகையில், இயன்றவரை நேரில் ஈடுசெய்ய வேண்டும். அடிவாங்கிய மனைவி அதை ஏற்று மன்னித்தாக வேண்டும் என்று எந்தப் படியும் கூறவில்லை. அவரைப் போன்றோருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. கணவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அங்கே அவர் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசலாம்.