இரண்டாவது கட்டத்தில் எழுதப்படும் எண்

ஒரு பையனைப் பார்த்து, அவன் இன்னும் ஆகாத ஒன்றை அவன் பெயருக்கு எதிரே எழுதிவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது.

நான் குடியிருந்த தெருவில் ஓய்வுபெற்ற பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆட்டங்களுக்குப் போவார். தேறுவான் என்று தோன்றுகிற பையன்களைப் பற்றித் தமக்குத் தெரிந்த கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு எழுதுவார். சம்பளம் கிடையாது. இப்படிப்பட்டவர்களை அங்கே ‘பேர்ட் டாக்’ என்கிறார்கள். பறவை பதுங்கியிருக்கும் இடத்தை வேட்டைக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கும் நாய். சுடுவது அதன் வேலையல்ல. பெயரில் வசை இல்லை. கொஞ்சம் வாஞ்சைகூட உண்டு. அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. “கடிகாரத்தை நீங்கள் பிடியுங்கள்” என்றார். பிடித்தேன்.

அவர் மடியிலிருந்த தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டையடி, அடியின் பலம், ஓட்டம், பந்து தடுத்தல், எறிதல் என்று ஐந்து திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை எண். 50 என்பது பள்ளியின் சராசரி அல்ல, பெரிய லீக்கின் சராசரி. அதாவது 17 வயதுப் பையனை அளக்க எடுக்கும் கோலே அவனுக்கு இன்னும் வராத காலத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு கட்டங்கள். முதலாவது, இன்று. இரண்டாவது, நாளை. இன்று 30, நாளை 55 என்று எழுதலாம். இடையிலுள்ள 25ஐ யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த 25க்காகத்தான் எல்லோரும் மைதானத்துக்கு வருகிறார்கள். ஜாதகக் கட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் உள்ளூரச் சிரித்துக்கொண்டது உண்மை.

ஓட்டத்தை மட்டும் கடிகாரம் அளக்கிறது. மட்டையில் பந்து படும் கணத்தில் ஒரு அழுத்தல். 90 அடி தள்ளி முதல் பேஸில் கால் படும் கணத்தில் இன்னொன்று. வலக்கை ஆட்டக்காரனுக்கு 4.3 வினாடி என்றால் 50. 4.4 என்றால் 40. கண் கண்டதைக் கை செய்ய ஏறக்குறைய ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்பதையும், இங்கே பத்தில் ஒரு பங்கு பத்து மதிப்பெண் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் பார்க்கப் போன பையன் ஒல்லி. தரையோடு ஒரு பந்தை அடித்துவிட்டு ஓடினான். ஓடும்போது அவன் முகம் வினோதமாக இருந்தது. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் முகம். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக அழுத்தினேன். எவ்வளவு தாமதம் என்று தெரியாது. தாமதம் என்று மட்டும் தெரியும். “எவ்வளவு?” என்றார். “நாலு புள்ளி நாலு” என்றேன். முதல் கட்டத்தில் 40 எழுதினார். ஓட்டம் வயதோடு வளர்வதில்லை என்பது இத்தொழிலின் நம்பிக்கை. எனவே இரண்டாவது கட்டத்திலும் 40. அன்று அந்தப் பையனுக்கு அப்படி முழுமூச்சாக ஓடும்படி இன்னொரு அடி அமையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இடங்கள் குறைவு. கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் 2025 வரை ஒரு பேஸ்பால் அணிக்கு 11.7 உதவித்தொகைகள்தாம் அனுமதி. அணியிலோ முப்பதுக்கு மேற்பட்ட பையன்கள். ஆகவே ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்கு அரைப் பங்கு, பலருக்கு ஒன்றுமில்லை என்று பிய்த்துக் கொடுப்பார்கள். 2025இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்று வந்திருக்கிறது. எப்படியானாலும் ஒருவன் உள்ளே போனால் ஒருவன் வெளியே.

கணிப்புகள் பொய்த்த கதைகள் ஏராளம். 1966இல் அமெரிக்கப் பையன்கள் அனைவரிலும் முதலாவதாக நியூயார்க் மெட்ஸ் தேர்ந்தெடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி மாணவனை. அவன் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த இடத்தில் எடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். 1988இல் மைக் பியாஸா 62வது சுற்றில், 1390வது ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் தந்தையின் நண்பரான டாமி லசோர்டாவின் தயவில். 2016இல் அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது.

இவற்றைச் சொல்லி, மனிதக் கண் தவறும், நல்ல கருவிகள் வந்தால் சரியாகிவிடும் என்று முடிப்பது வழக்கம். கருவிகள் வந்துவிட்டன. என் சங்கடம் தவறைப் பற்றியதல்ல. அந்த எண் சரியாக இருக்கும்போது அது எப்படிச் சரியாகிறது என்பதைப் பற்றியது.

அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் வெகுகாலம் வயதைக் கணக்கிடும் எல்லை நாளாக இருந்தது ஜூலை 31. ஆகஸ்டில் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவன். ஜூலையில் பிறந்தவன் கடைக்குட்டி. அந்த முறையில் வளர்ந்து பெரிய லீக்குக்குப் போன அமெரிக்கர்களில் ஜூலைக்காரர்களைவிட ஆகஸ்டுக்காரர்கள் கணிசமாக அதிகம். மாதத்துக்கும் மட்டைக்கும் சம்பந்தமில்லை. சில மாத வளர்த்தியைத் திறமை என்று யாரோ பார்த்தார்கள். பார்க்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைத்தார், இன்னொரு ஆட்டம் கிடைத்தது, தோற்றால் மன்னிப்பும் கிடைத்தது. பிறகு அவன் உண்மையாகவே திறமைசாலி ஆனான். கணிப்பு பலித்தது. பலித்ததா, பலிக்கவைக்கப்பட்டதா?

இரண்டாவது கட்டத்து எண் அறிவு அல்ல என்றே நினைக்கிறேன். அது ஒரு செயல். 60 என்று எழுதுகிறவன் பையனுக்குள் ஒளிந்திருக்கும் 60ஐக் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை அவனுக்காகக் காத்திருக்கத் தயார் என்று சொல்கிறான். 40 என்று எழுதுகிறவன் தான் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்கிறான். ஆனால் தாளில் இலக்கணம் மாறிவிடுகிறது. ‘நான்’ என்று தொடங்க வேண்டிய வாக்கியம் ‘அவன்’ என்று தொடங்குகிறது. அவன் 40.

அந்த எண்ணைப் பையனே நம்பத் தொடங்கினால் என்ன ஆகும்? பில்லி பீன் 1980இல் முதல் சுற்றில் மெட்ஸால் எடுக்கப்பட்டார். ஸ்டான்ஃபோர்டுக்குப் போக இருந்தவர், போகவில்லை. உடலை வைத்தும் முகத்தை வைத்தும் அவருக்கு எழுதப்பட்ட எதிர்காலம் பெரிது. ‘நல்ல முகம்’ என்றே பழைய ஸ்கவுட்டுகள் ஒரு லட்சணம் சொல்வார்கள். நம்முடைய சாமுத்ரிகா சாஸ்திரம் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய லீக்கில் அவர் அடித்தது மூன்றே ஹோம் ரன். பின்னால் மற்றவர்களை மதிப்பிடும் வேலைக்குப் போய், முகத்தை நம்பாதே, புள்ளிவிவரத்தை நம்பு என்ற கட்சிக்குத் தலைவரானார். பிறர் பார்வையில் மனிதன் பொருளாக உறைந்துபோவதைப் பற்றி சார்த்தர் 1943இல் விஸ்தாரமாக எழுதினார். பார்க்கப்பட்டவன் பின்னால் பார்க்கிறவனாவது விடுதலையா, பழியா என்பது எனக்கு விளங்கவில்லை.

அப்படியானால் மதிப்பிடவே கூடாதா? இது சுலபமான பரிசுத்தம். நான் அதை ஏற்கவில்லை. என் அண்டைவீட்டுக்காரர் போன்றவர்கள் போகாவிட்டால் அந்த ஒல்லிப் பையனை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். இன்று பார்வையே விலைக்கு வந்துவிட்டது. காசு கட்டிச் சேரும் அணிகள், காசு கட்டிக் கலந்துகொள்ளும் கண்காட்சி ஆட்டங்கள். அங்கே முதலில் அளக்கப்படுவது தகப்பனின் பை. காசு வாங்காமல் மர பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற கிழவரின் கண் அதைவிட நியாயமானது. பியாஸாவின் கதையிலும் இந்த முள் இருக்கிறது. நேர்மையான எண்கள் மூடிய கதவைத் திறந்தது சிபாரிசு என்ற அநீதி.

ஆகவே நான் கேட்பது பார்வையைக் கைவிடுவதையல்ல. பார்வைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை. எழுதியவன் ‘நான் எழுதினேன்’ என்று சொல்லக்கூடியதாக, யாராவது கேட்டால் பதில் சொல்லக்கூடியதாக அந்த எண் இருக்க வேண்டும். நான் சொன்ன 4.4க்கு ஆளே இல்லை. கடிகாரம் சொன்னது என்ற பாவனையில் நான் ஒதுங்கிக்கொண்டேன். கை பிந்திப்போனது என் குற்றமல்ல. பிந்தியது தெரிந்தும் அதைத் தசமப்புள்ளியின் பின்னால் மறைத்தது என் குற்றம்.

ஜூனில் ஒருநாள் அவரிடம் சொன்னேன். கடிதம் போயாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. “கடிகாரம் எனக்காக அல்ல, கடிதத்தைப் படிக்கிறவருக்காக. அந்தப் பையன் ஓடுவதை எனக்கு இந்தக் கண்ணே சொல்லிவிட்டது” என்றார். மங்கிய கண். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ, உண்மையாகவே அப்படி நினைத்தாரோ.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை. அவன் எங்காவது நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் என் பொய் சேதமில்லாதது என்று தீர்த்துக்கொள்வேன். ஆடாமல் போயிருந்தால் நான் சொன்னது சரிதானே என்று தீர்த்துக்கொள்வேன். இரண்டிலும் அவனை வைத்து மறுபடி ஒரு கட்டத்தை நிரப்பியிருப்பேன்.