ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவருக்கு எந்தத் தொழிற்சாலையிலும் கண்ணை மூடிக்கொண்டு தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வேலை கொடுக்கலாம். பானையில் உள்ள பருக்கைகளை எல்லாம் யாரும் நசுக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அப்புறம் சாப்பிட என்ன இருக்கும்? ஒன்றை எடுத்து நசுக்கினால் போதும். மற்றவையும் அதே தண்ணீரில், அதே தீயில், அதே நேரம் வெந்தவைதானே?

இந்தப் பழமொழிக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. உலோகத்தில் த்ரீ-டி பிரிண்டிங் என்கிறார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மார்கழி மாதம் வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி. அதன் தரையில் அலுமினியக் கலவைப் பொடியை மெல்லிசாகப் பரப்புவார்கள். அலுமினியத்தோடு பத்து சதவிகிதம் சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்த பொடி. பரப்பின் கனம் சுமார் 30 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பாதிகூட இருக்காது. அதன்மேல் லேசர் கதிர் கோலம் போடும். கதிர் போன இடத்தில் பொடி உருகி, உடனே இறுகிவிடும். தரை ஒரு மயிரிழை கீழே இறங்கும். மறுபடி பொடி, மறுபடி கோலம். ஒரு சாண் உயரப் பாகம் வேண்டுமென்றால் ஏழாயிரம் கோலத்துக்கு மேல் போட வேண்டும். பெட்டிக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு இருக்கும். காற்று பட்டால் உலோகம் கெடும். நைசான அலுமினியப் பொடி தீப்பிடிக்கவும் செய்யும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பட்டறை வாசல்களில் 'ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்' என்று போர்டு தொங்குமே, அதே ஆர்கான்தான்.

இதனால் என்ன லாபம்? நம் மகேந்திரகிரியில் 2024 மே 9-ம் தேதி இஸ்ரோ ஒரு ராக்கெட் எஞ்சினை 665 விநாடிகள் எரித்துச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி-யின் நான்காம் கட்ட எஞ்சின். அலுமினியம் அல்ல, வேறு உலோகம். ஆனால் இதே பொடி வித்தை. முன்பு 14 பாகங்களைச் சேர்த்துச் செய்ததை ஒரே பாகமாக அச்சடித்துவிட்டார்கள். 19 இடங்களில் வெல்டிங் மிச்சம். முன்பு 565 கிலோ உலோகம் வாங்கிக் கடைந்தெடுத்த இடத்தில் இப்போது 13.7 கிலோ பொடி. சந்தோஷமாகக் கைதட்ட வேண்டிய விஷயம்.

கைதட்டிவிட்டு ஒரு நிமிஷம் யோசிப்போம். 19 ஒட்டு என்றால் பலவீனமான இடம் 19. சரி. ஆனால், வெளியிலிருந்து ஒரு மனிதர் குனிந்து உற்றுப் பார்த்த இடமும் அந்த 19தான். இப்போது குறை எங்கே இருக்கலாம்? உள்ளே, எந்தப் படலத்திலும் இருக்கலாம். பொடியில் ஈரம் ஏறியிருந்தால், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குமிழாக உள்ளே தங்கிவிடும். லேசரின் சூடு ஓரிடத்தில் குறைந்தால் பொடி உருகாமலே நிற்கும். மிச்சப் பொடியைச் சலித்து மறுபடி போடுவார்கள்; எத்தனை தடவை போடலாம் என்பதை யாரோ முடிவு செய்ய வேண்டும். குறை விழுந்த படலத்தின் மேல் அடுத்த படலம் வந்து மூடிவிடும். வெளியே பார்த்தால் ஜம்மென்று இருக்கும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து, பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் கோயில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியும் வைத்தான். கல்லைக் குடைகிறவருக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு உளி அடியும் கல்லின் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும். விரிசல் இருந்தால் பாதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பொடியில் அடுக்குகிறவர் கதை நேர் எதிர். அவருடைய ஒவ்வொரு அடியும் முந்தைய அடியை மூடிக்கொண்டே போகிறது.

இது புதுப் பிரச்னை என்றும் சொல்ல முடியாது. திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் உடைந்த மோட்டார் மூடி ஒன்றைப் பார்த்தேன். பழைய முறையில் அச்சில் ஊற்றிச் செய்த அலுமினியம். பட்டறைக்காரர் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. "வெளிய பாத்தா பளபளன்னுதான் சார் இருக்கும். ஒடஞ்சாத்தான் நமக்குத் தெரியும். ஊத்துனவனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

விஷயம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

ஸ்கேன் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறார்கள். ஆனால் செலவு அதிகம். எல்லாப் பாகத்துக்கும் கட்டுப்படியாகாது. உண்மையான பலம் தெரிய வேண்டுமென்றால் இழுத்து உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைத்த பாகத்தை வண்டியில் மாட்ட முடியாது. அதனால் பாகத்தின் பக்கத்திலேயே, அதே பொடியில் சின்னச் சின்னத் துண்டுகளையும் சேர்த்து அச்சடித்து, அவற்றை உடைத்துப் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் அதற்குச் சாட்சித் துண்டு என்றே பெயர். சோற்றுப் பருக்கை போலத்தான். ஆனால், இந்தப் பானையில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வெந்தது என்பதை மறக்கக் கூடாது.

சரி, அந்தச் சாட்சியே பொய் சொன்னால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2009-லும் 2011-லும் நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையை அடையாமல் கடலில் விழுந்தன. இரண்டு தடவையும் ராக்கெட்டின் மூக்குக் கவசம் கழன்று விழவில்லை. நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். விசாரித்தபோது, அந்த இணைப்பில் இருந்த அலுமினியத்தில் வந்து நின்றது. சாப்பா புரொபைல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 19 வருஷமாக இழுவிசைச் சோதனை முடிவுகளைத் திருத்தி, ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைப் பொய்யாகக் கொடுத்திருந்தது. 2019-ல் 4.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே அச்சடித்த பொடி இல்லை, பழைய பாணி அலுமினியம்தான். ஊழியர்களின் போனஸ் உற்பத்தி அளவையும் வைத்துக் கணக்கிடப்பட்டது என்பது விசாரணையில் வந்த இன்னொரு தகவல்.

யோசித்துப் பாருங்கள். 19 வருஷம்! ஒரு பையன் பிறந்து, பள்ளி முடித்து, காலேஜுக்குப் போய்விடுகிற காலம். ஆக, 'பொய் ஒருநாள் மாட்டிக்கொள்ளும், அதனால் நேர்மையாக இரு' என்ற உபதேசம் இங்கே செல்லுபடியாகாது. மாட்டாமலே ரிட்டயர் ஆகிப் போனவர்கள் எத்தனை பேரோ. பிறகு, யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் எதற்காக ஒழுங்காக இருக்க வேண்டும்?

கடவுள் பார்க்கிறார் என்பது சிலருக்குப் போதுமான பதில். எனக்குத் தோன்றுவது அதைவிடச் சாதாரணமானது. ராத்திரி பத்து மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திண்டிவனத்தில் இறங்க வேண்டிய ஒரு அம்மா, பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டா ஏறுகிறார்? பையை மடியில் வைத்துக்கொண்டு, விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிவிடுகிறார். தான் பார்க்க வேண்டியதை எல்லாம் முகம் தெரியாத யாரோ பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வருகிற தூக்கம் அது. அவருக்காகப் பார்க்கும் வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏற்றவர் நாம். பார்த்ததை மறைத்தால், தூங்குகிறவரிடம் திருடியதற்குச் சமம்.

இப்போதெல்லாம் இந்த மெஷின்களிலேயே கேமரா உண்டு. ஒவ்வொரு படலத்தையும் படம் எடுத்து வைக்கிறது. நல்லது. ஆனால், இரண்டாயிரமாவது படலத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டு, "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓடிய மெஷின் வீண். பொடி வீண். டெலிவரி எப்போது என்று வாடிக்கையாளர் காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தாகிவிட்டது. சொல்லாமல் விட்டால் ஐந்து நிமிஷத்தில் பத்துப் படலம் மேலே வந்து மூடிவிடும். அந்த நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பது சாட்சித் துண்டும் மனசாட்சியும்தான். துண்டு தானாக வாய் திறக்காது.

ஆனால், பாரம் முழுவதையும் மெஷின் பக்கத்தில் நிற்கும் பையன் தலையில் வைப்பதும் நியாயமில்லை. முதலாளிகள், மேனேஜர்கள், சூபர்வைசர்கள் தங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். கடைசியாக ஒருவர் உங்களிடம் வந்து "நிறுத்துங்கள்" என்றாரே, அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? திட்டு என்றால், அடுத்த முறை அவர் வரமாட்டார். புள்ளி மட்டும் வரும்.