சம்மதித்தவரின் பங்கு

1895-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாண்டுக் கூலி ஒப்பந்தம் முடிந்த இந்தியர் ஊர் திரும்ப வேண்டும். அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டும் வேண்டாம், இங்கேயே சொந்தமாகப் பிழைத்துக்கொள்கிறேன் என்பவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். புதிதாகக் கப்பலேறிப் போன கூலிக்கு மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது ஆறு மாத உழைப்பு. 1903-இல் இந்த வரி பிள்ளைகள் மேலும் விழுந்தது. பதினாறு வயதுப் பையனும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் தலைக்கு மூன்று பவுன் கட்ட வேண்டியவர்கள் ஆனார்கள்.

நேட்டாலில் குடியேறிய வெள்ளையர் முதலில் கேட்ட தொகை இருபத்தைந்து பவுன். இந்தியாவின் வைசிராய் எல்ஜின் பிரபு அதற்கு இணங்கவில்லை. பேசிப் பேசி மூன்றுக்குக் கொண்டுவந்தார், சம்மதம் தந்தார். ஆகவே கேள்வி இதுதான்: இருபத்தைந்தை மூன்றாக்கியவருக்கு நன்றி சொல்வதா, மூன்றுக்குத் தலையாட்டியவரைக் குற்றத்தில் பங்காளி என்பதா?

இது தமிழர் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்த முதல் கூலிக் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து போனது. அதில் இருந்தவர்கள் 342 பேர். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் அடங்கிய தென்சீமையிலிருந்து கடல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனார்கள். நேட்டால் கரும்புக் காட்டுக்கோ வடமாவட்டங்களிலிருந்தும் தஞ்சை, திருச்சிப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் அதிகம். எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். பக்கத்தில் ஓர் எசமான், தூரத்தில் ஓர் அரசு. அந்த இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. சண்டை கூலியைப் பற்றியது. கூலியை யாரும் கேட்கவில்லை.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, டர்பனில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியின் முன் வந்து நின்றார். துணி கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். அடித்தவர் அவருடைய வெள்ளை எசமான். பாலசுந்தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையரைப் பார்க்கப் போனால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அடித்தவரை விட்டு விலகுவது பாலசுந்தரத்தால் முடியாத காரியம், ஏனென்றால் ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு ஓடினால் அது குற்றம், தண்டனை உண்டு. காந்தியால் வாங்கித்தர முடிந்தது வேறொரு வெள்ளை எசமான் மட்டும். ஓடினால் குற்றம் என்ற அந்தச் சட்டம் லண்டனுக்கும் தெரியும், இந்திய அரசு இருந்த கல்கத்தாவுக்கும் தெரியும். அவர்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

லண்டனுக்காக, அதாவது பிரிட்டிஷ் அரசுக்காக, வாதாடுகிறவர்கள் சொல்லும் நியாயம் லேசாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. 1893-இல் நேட்டாலுக்குப் பொறுப்பாட்சி கிடைத்துவிட்டது. அங்கே தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இருந்தது. பல்லாயிரம் மைல் தள்ளியிருந்து ஓர் அமைச்சர் அந்த மன்றத்தின் தீர்மானங்களை ரத்துசெய்துகொண்டே இருந்தால் தன்னாட்சிக்கு என்ன பொருள்? அமெரிக்காவில் அப்படித் தலையிட்டதன் பலனை 1776-இல் பார்த்தவர்கள்தானே ஆங்கிலேயர்?

ஆனால் அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் வாதம் நிற்காது. நேட்டாலில் பெரும்பான்மை மக்கள் ஆப்பிரிக்கர். அவர்களுக்கு ஏறக்குறைய வாக்கே கிடையாது. இந்தியரின் தொகை வெள்ளையரின் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் சுமார் பத்தாயிரம் வெள்ளை வாக்காளருக்கு எதிரில் இந்திய வாக்காளர் இருநூற்றைம்பது பேர் அளவில்தான். இந்தியர் மேலும் வாக்காளர் ஆவதைத் தடுக்கத்தான் 1894-இல் மசோதா கொண்டுவந்தார்கள். சிலர் கூடிப் பலரை ஆள்வதற்கு எழுதிக் கொடுத்த உரிமத்தைத் தன்னாட்சி என்று மதித்து ஒதுங்கி நிற்பது நடுநிலை ஆகாது.

அந்த மசோதாவுக்கு எதிராகப் பத்தாயிரம் கையெழுத்துடன் ஒரு மனு லண்டனுக்குப் போனது. அப்போது குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சிக் கட்டடம் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். இந்தியாவில் வைசிராயாக இருந்தபோது, இந்திய நீதிபதிகள் வெள்ளையரையும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவை 1883-இல் ஆதரித்து, வங்காளத்து வெள்ளைத் தோட்டக்காரர்களின் ஆத்திரத்துக்கு ஆளானவர். கடைசியில், விசாரணைக்கு வரும் வெள்ளையர் பாதி வெள்ளையர் கொண்ட ஜூரியைக் கேட்கலாம் என்று விட்டுக்கொடுத்தவரும் அவரே. நேட்டால் மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. ஆனால் ரிப்பனுக்குப் பின் வந்த சேம்பர்லின் வழியைச் சொல்லிக்கொடுத்தார். இந்தியர் என்று பெயர் குறிக்காதீர்கள் என்றார். 1896-இல் நேட்டால், நாடாளுமன்ற வாக்குரிமை அடிப்படையில் பிரதிநிதித்துவ அமைப்புகள் இல்லாத நாட்டினர்க்கு வாக்கு இல்லை என்று எழுதியது. இந்தியாவில் அப்படிப்பட்ட அமைப்புகள் இல்லாமல் வைத்திருந்ததும் அதே பிரிட்டன்தான். சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1897-இல் குடியேற்றத்தைத் தடுக்க ஐரோப்பிய மொழித் தேர்வு ஒன்றை அதே பாணியில் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு லண்டனில் கூடிய குடியேற்ற நாட்டுப் பிரதமர்களிடம் சேம்பர்லின் இதையே முன்மாதிரியாகக் காட்டினார்.

எல்ஜின் பிரபு இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறார். 1906-இல் அவர் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான டிரான்ஸ்வாலில் ஒவ்வோர் ஆசியரும் பத்து விரல் ரேகையும் பதிந்து சீட்டு வாங்க வேண்டும் என்ற அவசரச் சட்டம் அவர் மேசைக்கு வந்தது. அங்குள்ள இந்தியர் சார்பில் காந்தியும் ஹாஜி அலியும் லண்டன் போய் அவரிடம் நேரில் முறையிட்டார்கள். ஒப்புதல் இல்லை என்று அறிவித்தார். இங்கே எத்தனை பேர் மகிழ்ந்திருப்பார்கள்! ஆனால் 1907 ஜனவரி முதல் நாளில் டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி வந்தது. மார்ச்சில் அதே சட்டத்தைப் புதிய மன்றம் ஒரே நாளில் நிறைவேற்றியது. மே மாதம் லண்டன் ஒப்புதல் தந்துவிட்டது. டிசம்பரில் அநியாயமாக இருந்தது மே மாதத்தில் நியாயமாகிவிட்டதா? மாறியது கேட்ட கையின் பலம் ஒன்றுதான்.

கையாலாகாமல் விட்டுக்கொடுத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நேட்டாலின் கரும்பு இந்தியக் கூலியை நம்பியிருந்தது. கப்பலை நிறுத்தும் அதிகாரம் இந்திய அரசிடம் இருந்தது. 1871-இல் ஊர் திரும்பிய கூலிகள் அடி, சம்பளப் பிடித்தம் என்று சென்னையில் புகார் சொன்னார்கள். நேட்டால் விசாரணைக் குழு அமைத்து, கூலிகளுக்குப் பாதுகாவல் அதிகாரி ஒருவரை நியமிக்கும்வரை கப்பல் போகவில்லை. 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே அந்தப் பிடி வேலை செய்யும் என்பது தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும், இந்தியத் தலைவர் கோகலே வைசிராயின் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வற்புறுத்திய பிறகு 1911 ஜூலையில்தான் நேட்டாலுக்குக் கூலி அனுப்புவதை நிறுத்தினார்கள். மூன்று பவுன் சட்டம் வந்து பதினாறு ஆண்டு ஆகியிருந்தது.

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயில் தலக்கதையைக் கேட்டவர்களுக்கு ஒன்று விளங்கும். தாய் வந்து சேராத நிறைமாதப் பெண்ணுக்கு, தாயின் இடத்தில் ஈசனே வந்து பிரசவம் பார்த்தான் என்கிறது கதை. ஆறுதல் சொல்லி ஆளனுப்பியதாக எந்தக் கதையும் இல்லை. காப்பவர் என்று பெயர் வாங்கியவரிடம் நம் மக்கள் எதிர்பார்த்தது வேளைக்கு வந்து நிற்பதை.

வந்து நின்றவர் ஒருவரும் இல்லையா என்றால், 1913 நவம்பரில் வைசிராய் ஹார்டிஞ்ச் சென்னையில் பேசியதைச் சொல்ல வேண்டும். மூன்று பவுன் வரியை எதிர்த்துச் சுரங்கத்திலும் கரும்புக் காட்டிலும் கூலிகள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நேரம். சட்டத்தை மீறியவர்கள் பக்கம் என் அனுதாபம் இருக்கிறது என்று பேரரசின் பிரதிநிதியே வெளிப்படையாகப் பேசினார். தென்னாப்பிரிக்க அமைச்சர்கள் அவரைத் திருப்பியழைக்கச் சொல்லி லண்டனை நெருக்கினார்கள். ரிப்பன் கட்டடத்தை அவர் திறந்துவைத்ததும் அதே மாதத்தில்தான். 1914-இல் வரி ஒழிந்தது. ஒருவர் துணிந்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் துணிவு முதலில் பிறந்தது சிறைக்குள்ளேதான். தில்லையாடிக் குடும்பத்துப் பெண் வள்ளியம்மை, பதினாறு வயதில் சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். வரி ஒழிந்ததற்கு விலை கொடுத்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

லண்டனின் அரைகுறைக் கருணையால் நன்மையே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. இன வேறுபாடு பாராட்டமாட்டோம் என்று 1858-இல் ராணியின் பெயரால் சொன்ன வாக்குறுதிதான் மனு எழுதுகிறவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது. குடியேறிய வெள்ளையரிடம் அந்தப் பிடிமானமும் கிடையாது. ஆனால் பிடிமானம் கொடுத்ததற்காகக் கையெழுத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. 1923-இல் கென்யாவில் இதே பாடம் திரும்ப நடந்தது. ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்று லண்டன் வெள்ளை அறிக்கையில் எழுதியது. உயர்நிலங்கள் வெள்ளையருக்கே என்பதை அப்படியே விட்டுவைத்தது.

கொடுமையைக் கேட்டவர் ஒருவர், குறைத்துக் கொடுத்தவர் இன்னொருவர் என்ற வேறுபாடு வரலாற்றுப் புத்தகத்துக்குப் போதும். அறத்தின் கணக்கில், மறுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் சம்மதித்தவர் கேட்டவருக்குச் சமமான குற்றவாளி. தெரிந்தே செய்ததால் ஒரு படி கூடுதலாகவும் குற்றவாளி. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தமிழ்நாட்டு மில்களுக்குப் பிழைக்க வருகிறவர்களுக்காக 1979-இலேயே ஒரு சட்டம் எழுதியாகிவிட்டது. அப்படிப்பட்ட பாதுகாப்பு நம் ஊர் மில்லில் நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரமும் கடமையும் இந்த முறை நம்மிடம் இருக்கின்றன. கேளுங்கள்.